நான்கு சக்கர இயக்க வண்டியில் புதுச் சத்தம்: கழற்றும் முன் கண்டுபிடிக்கும் வழி

ஜீப், ஜிப்ஸி, தார், கூர்கா, ஜிம்னி என்று எதுவாக இருந்தாலும், நான்கு சக்கர இயக்க வண்டியின் அடியில் புதிதாக ஒரு சத்தம் கிளம்பினால் முதலில் பழி விழுவது பின் டிஃபரன்ஷியல் மீதுதான், அதாவது பின் அச்சின் நடுவே இருந்து சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி மீது. "கிரவுன் பினியன் போய்விட்டது" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டோடு சுற்றும் சிறு பல்சக்கரம் பினியன், அது சுற்றவைக்கும் பெரிய பல்சக்கரம் கிரவுன். வண்டிக்காரரும் நம்பிவிடுவார். ஹவுசிங்கைத் திறந்து, பேரிங் மாற்றி, ஷிம் எனும் மெல்லிய தகடு வைத்து மூடிய பிறகும் அதே சத்தம் கேட்கும். பல் சரியாக அமையாவிட்டால் முன்பு இல்லாத ஓர் ஊளையும் கூடச் சேர்ந்துகொள்ளும். இத்தனைக்கும் உண்மையான காரணம் பெரும்பாலும் அந்த ஷாஃப்ட்டின் முனையில் வளைந்து கொடுக்கும் ஒரு ஜாயிண்ட் கிராஸாகவோ, கிழிந்த ரப்பர் மவுண்டாகவோ, தளர்ந்த யூ போல்ட்டாகவோ இருக்கும். அதிகச் செலவு வைக்கும் பாகத்தைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காது இந்த விஷயத்தில் ஏமாற்றும். வண்டியின் இரும்புச் சட்டம் சத்தத்தை வெகுதூரம் கடத்துகிறது. முன் ஹப்பில் (சக்கரத்தின் மையப் பகுதியில்) பிறக்கும் உறுமல், முன் பின் அச்சுகளுக்குச் சுழற்சியைப் பிரித்து அனுப்பும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் ஓட்டுநரின் காலடியில் உறுமுவதைப் போலக் கேட்கும். எனவே சத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஆரம்பத்தில் தேடாதீர்கள். எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது, எதோடு சேர்ந்து மாறுகிறது என்று பாருங்கள். இந்த மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் இடம் தானாகத் தெரிந்துவிடும்.

இங்கே சொல்லப்போவது லீவர் அல்லது பொத்தான் மூலம் முன் அச்சை இணைத்துப் பிரிக்கும் வண்டிகளுக்குப் பொருந்தும். எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் வண்டிகளுக்கும் பெரும்பகுதி சரிதான். ஆனால் ஷாஃப்ட்டைக் கழற்றி ஓட்டும் சோதனைகளை அவற்றில், தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்க்காமல் செய்யக் கூடாது.

முதலில் சாலைச் சோதனை

டயரில் இருந்து தொடங்குங்கள். சேற்றுக்கான பெரிய கட்டை டயர்கள் தேயத் தேய ஊளையிடும். அந்த ஊளையைக் கேட்டு டிஃபரன்ஷியலைத் திறந்தவர்கள் ஏராளம். வழவழப்பான தார்ச் சாலையிலிருந்து சொரசொரப்பான கான்கிரீட் சாலைக்கு மாறும்போது சத்தத்தின் குணம் மாறினால் அது டயர். முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டு, சத்தமும் இடம் மாறுகிறதா என்று பார்த்துவிட்டால் சந்தேகமே இருக்காது.

அடுத்தது கணக்கு. சாதாரணமாக ஜீப் வகை வண்டிகளில் போடும் 235/75 ஆர்15 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.3 மீட்டர் உருளும். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சக்கரம் வினாடிக்கு ஒரு சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுற்றுகிறது. அச்சின் விகிதம் (சக்கரம் ஒருமுறை சுற்ற ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்பது) 4.1 என்றால் அதே நேரத்தில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் ஐந்து சுற்றுச் சுற்றும். எனவே மெதுவாக ஊர்ந்துபோகும்போது "டக்... டக்..." என்று விட்டுவிட்டுக் கேட்டால் குற்றவாளி சக்கரத்தோடு சுற்றும் பொருள்: ஹப், பிரேக் டிரம், சக்கர பேரிங், கிரவுன், அல்லது டயரில் குத்திய கல். "டகடகடக" என்று எண்ணமுடியாத விரைவில் கேட்டால் அது ஷாஃப்ட்டோடு சுற்றும் பொருள்: கிராஸ், பினியன், பினியன் பேரிங், ட்ரான்ஸ்ஃபர் கேஸின் வெளியேறும் ஷாஃப்ட். எந்தக் கருவியும் இல்லாமல் வண்டியைப் பாதியாகப் பிரிக்கும் சோதனை இது.

மூன்றாவது, கியர் மாற்றிப் பார்ப்பது. சத்தம் கேட்கும் வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு நான்காவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு வாருங்கள். எஞ்சின் சுற்று ஏறும். சத்தத்தின் சுருதியும் சேர்ந்து ஏறினால் பிரச்சினை எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸின் முன்பகுதி ஆகியவற்றில் இருக்கிறது. சுருதி அசையாமல் நின்றால் கியர்பாக்ஸுக்குப் பின்னால் தேடுங்கள்.

நான்கு சக்கர இயக்க வண்டிக்கு மட்டுமே வாய்த்த ஒரு சோதனையும் உண்டு. மண் பாதையிலோ மணலிலோ மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் 4 ஹையில் (நான்கு சக்கர இயக்கம், சாதாரண விகிதம்) ஓட்டுங்கள். பிறகு வண்டியை நிறுத்தி 4 லோவுக்கு (வேகம் குறைந்து இழுவை கூடும் விகிதம்) மாற்றி, அதே 15 கிலோமீட்டருக்கு வாருங்கள். ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் இருப்பவை அனைத்தும் இரண்டிலும் ஒரே வேகத்தில்தான் சுற்றுகின்றன. அதற்கு முன்னால் இருப்பவை லோவில் வெகு வேகமாகச் சுற்றுகின்றன. சத்தம் மாறவில்லை என்றால் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், ஹப் ஆகியவற்றில் ஒன்று. லோவில் மட்டும் வந்தால் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் உள் பல்சக்கரங்கள். லோவில் ஓரளவு ஊளை எல்லா வண்டியிலும் இயல்பாகவே உண்டு என்பதையும் மறக்காதீர்கள். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை ஏறும் ஜீப்புகளில் ஒருமுறை உட்கார்ந்தவர்களுக்கு அந்த ஊளை பழக்கமாகியிருக்கும். உங்கள் வண்டியின் இயல்பான ஊளை எப்படி இருக்கும் என்று நல்ல நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்வது பெரிய உதவி.

கடைசியாக, ட்ரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் போட்டு வண்டியை நிற்க வைத்தே பரிசோதிப்பது. லீவரில் 'என்' நிலை இருக்கும் வண்டிகளில், சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்துவிட்டு, ட்ரான்ஸ்ஃபரை 'என்'னில் வைத்து, மூன்றாவது கியர் போட்டு கிளட்ச்சை விடுங்கள். கியர்பாக்ஸ் சுற்றும், வண்டி நகராது. அப்போதும் சத்தம் இருந்தால் ஷாஃப்ட்டுகளுக்கும் அச்சுகளுக்கும் அதில் பங்கில்லை. ஜிப்ஸியிலும் ஜிம்னியிலும் ஒரு விஷயம்: அவற்றின் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்காது, தனியாகத் தொங்கும். இரண்டையும் இணைக்க ஒரு குட்டி ஷாஃப்ட் உண்டு. ஆக, மொத்தம் மூன்று ஷாஃப்ட்டுகள். இந்தச் சோதனையில் அந்தக் குட்டி ஷாஃப்ட்டும் சுற்றும் என்பதால் அதன் கிராஸ்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இதே இடத்தில் கிளட்ச்சையும் விலக்கிவிடலாம். கியர் நியூட்ரலில், எஞ்சின் ஓடும்போது கேட்கும் உறுமல் கிளட்ச்சை மிதித்தால் நின்றுபோகிறதா? கியர்பாக்ஸின் உள்ளீட்டு ஷாஃப்ட் பேரிங். மிதித்தால்தான் சத்தமே வருகிறதா? ரிலீஸ் பேரிங்.

இனி அறிகுறி வாரியாகப் பார்ப்போம்.

நகரும்போதும் ரிவர்ஸ் போடும்போதும் ஒரே ஒரு "டொக்"

அதிகம் வரும் புகார் இதுதான். அதிகம் தவறாகக் கணிக்கப்படுவதும் இதுதான். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஒரு "டொக்", விட்டதும் ஒரு "டொக்" என்றால் இயக்கப் பாதையில் எங்கோ தளர்வு இருக்கிறது. சுழற்சியின் திசை மாறும்போது அந்த இடைவெளி மூடிக்கொள்வதுதான் நமக்குக் கேட்கிறது.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கும் இரு பக்கமும் முட்டுக்கட்டை கொடுங்கள். சாவியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். கியரையும் ட்ரான்ஸ்ஃபரையும் நியூட்ரலில் வையுங்கள். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரிலும் சில பழைய ஜீப்புகளிலும் கைப்பிரேக் சக்கரத்தில் இல்லை, ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்முனையில் இருக்கிறது. அந்த வண்டிகளில் கைப்பிரேக்கையும் விட்டால்தான் ஷாஃப்ட் அசையும். எனவே முட்டுக்கட்டை மிக முக்கியம்.

இப்போது ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து இடமும் வலமுமாகத் திருகுங்கள். கண் கிராஸின் மீது இருக்கட்டும். கிராஸின் ஒரு பக்க யோக் (கிராஸைப் பிடித்திருக்கும் கவை) அசைந்து மறுபக்க யோக் அசையாமல் நின்றால் அந்த கிராஸ் தேய்ந்துவிட்டது. நல்ல கிராஸில் கண்ணுக்குத் தெரியும் தளர்வே இருக்கக் கூடாது. கிராஸும் ஃப்ளாஞ்சும் (ஷாஃப்ட்டைப் போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) ஒன்றாகச் சேர்ந்து சிறிதளவு திரும்பினால் அது பற்களுக்கு இடையே உள்ள இடைவெளி. கொஞ்சம் இருப்பது இயல்பு. இந்த இயல்பான அசைவைக் காட்டித்தான் கிரவுன் பினியனுக்குப் பணம் வாங்கிவிடுகிறார்கள். பிறகு ஷாஃப்ட்டை மேலும் கீழுமாகத் தூக்கிப் பாருங்கள். பினியன் ஃப்ளாஞ்சே மேலும் கீழும் ஆடினால் பினியன் பேரிங் தளர்ந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஓட்டக் கூடாது.

கிராஸ் நன்றாக இருந்தால், ஷாஃப்ட்டின் இரு பாதிகளும் ஒன்றுக்குள் ஒன்று நீளவாக்கில் சறுக்கும் ஸ்ப்ளைன் பகுதிக்கு வாருங்கள். வண்டி நின்ற ஓரிரு வினாடிகளில் தானாக ஒரு "டொக்", கிளம்பும்போது இன்னொன்று என்றால் பெரும்பாலும் ஸ்ப்ளைன் கிரீஸ் இல்லாமல் பிடித்துப் பிடித்து விடுகிறது. கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தாலே நின்றுவிடும். கழற்றுவதற்கு முன் இரு பாதிகளின் குறுக்கே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அடுத்து மவுண்டுகள். ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கால் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி முதல் கியரில் கிளட்ச்சைச் சற்றே விடட்டும். பிறகு ரிவர்ஸில் அதே போல. நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ அடியிலோ இருக்கவே கூடாது. ட்ரான்ஸ்ஃபர் கேஸ் எழுந்து விழுந்தால் ரப்பர் கிழிந்திருக்கிறது. தனியாகத் தொங்கும் ஜிப்ஸியின் கேஸில் இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

பட்டை வில் வைத்த வண்டி என்றால் யூ போல்ட். பட்டை மாற்றியபின் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும் என்பதைப் பலர் செய்வதில்லை. தளர்ந்த யூ போல்ட்டினால் அச்சு முன்னும் பின்னும் நழுவி "டொக்" என்னும். நடு போல்ட் உடைந்திருந்தால் அச்சே இடம் மாறியிருக்கும். முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை இரு பக்கமும் டேப் பிடித்து அளந்தால் தெரிந்துவிடும். சுருள் வில் வண்டிகளில் அச்சைப் பிடித்திருக்கும் கைகளின் புஷ்களைக் கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் ஆட்டும்போதே "டொக்" கேட்டால் முன் அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பனார்டு ராடின் புஷ்ஷைப் பாருங்கள். இயக்கப் பாதைக்கே அதில் சம்பந்தமில்லை.

இவை எல்லாம் சரியாக இருந்த பிறகுதான் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சிறு பல்சக்கரங்களான ஸ்டார் பினியன்களின் தேய்ந்த வாஷர்களைச் சந்தேகிக்க வேண்டும்.

மெதுவாகப் போகும்போது "கீச் கீச்"

நடக்கும் வேகத்தில் தெளிவாகக் கேட்டு, வேகம் ஏறினால் விரைவுபட்டு, பிறகு மற்றச் சத்தங்களில் மறைந்துபோகும் கீச்சொலி கிராஸ் வறண்டுவிட்டதன் அடையாளம். கிண்ணங்களின் விளிம்பில் செம்பழுப்பு நிறத்தில் துருத்தூள் படிந்திருந்தால் உள்ளே ஊசி பேரிங்குகள் அரைபடத் தொடங்கிவிட்டன. கிரீஸ் வைத்தால் கீச்சொலி நிற்கலாம், தேய்வு நிற்காது. தூள் இல்லையென்றால் கிரீஸ் கன்னால் நிப்பிளில் அடியுங்கள், நான்கு கிண்ணங்களிலிருந்தும் பழைய கிரீஸ் வெளியே வரும் வரை. ஒன்றில் மட்டும் வரவில்லை என்றால் அந்தக் கிண்ணம் பட்டினி கிடக்கிறது. ஷாஃப்ட்டை அந்தக் கிண்ணத்துக்கு எதிர்ப்பக்கமாக அழுத்திப் பிடித்து மறுபடி அடித்தால் பெரும்பாலும் வழி திறக்கும். ஆழமான தண்ணீரில் இறங்கிய வண்டிக்கு அன்றே கிரீஸ் அடித்துவிடுங்கள்.

பட்டை வில்லும் கீச்சிடும். ஆனால் அது குண்டு குழியில்தான் பேசும். வழவழப்பான சாலையில் வேகத்துக்கேற்ப மாறாது.

குறிப்பிட்ட வேகத்தில் அதிர்வும் "தம்தம்" என்ற முழக்கமும்

ஐம்பதில் இல்லை, எழுபதில் உண்டு, தொண்ணூறில் குறைகிறது என்று ஒரு வேகத்தைப் பிடித்துக்கொண்டு வரும் அதிர்வு என்றால் முதலில் வண்டியைக் கழுவுங்கள். மெய்யாகத்தான் சொல்கிறேன். ரிம்முக்குள் ஒட்டிக் காய்ந்த சேறு ஒரு சக்கரத்தின் சமநிலையைக் குலைக்கப் போதும். ஷாஃப்ட்டில் அப்பிய சேறும் அப்படித்தான். கழுவும்போதே ஷாஃப்ட்டில் பாறை பட்ட நசுக்கல் இருக்கிறதா, வெல்டு செய்த சமநிலைத் துண்டு கழன்று விழுந்த தடம் தெரிகிறதா என்றும் பார்த்துவிடலாம்.

சமீபத்தில் ஷாஃப்ட்டைக் கழற்றி மாட்டியிருந்தால் முன்பு சொன்ன கோட்டின் பயன் இங்கே வரும். ஒரு ஷாஃப்ட்டின் இரு முனை யோக்குகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். வளைந்த கோணத்தில் சுற்றும் கிராஸ் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூட்டிக் குறைக்கும். மறுமுனையின் கிராஸ் அந்த ஏற்ற இறக்கத்தைச் சரியாக எதிர்த்து ஈடுகட்டுகிறது. ஸ்ப்ளைனை ஒரு பல் தள்ளி மாட்டினாலும் ஈடுகட்டல் கெட்டுவிடும், அதிர்வு தொடங்கிவிடும். புது கிராஸ் வாங்கிப் போட்டாலும் தீராத அதிர்வுகளில் இது முதல் காரணம்.

வண்டியை உயர்த்திய பிறகு வந்த அதிர்வு என்றால் கோணம். முனைக்கு ஒன்றாக இரண்டு கிராஸ் உள்ள ஷாஃப்ட்டில், ட்ரான்ஸ்ஃபர் கேஸின் வெளியேறும் ஷாஃப்ட்டும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். வேறுபாடு ஒரு டிகிரிக்குள் இருப்பது நல்லது. கைப்பேசியில் உள்ள சாய்வுமானியை ஃப்ளாஞ்சின் மீது வைத்தே அளந்துவிடலாம். ட்ரான்ஸ்ஃபர் முனையில் இரட்டை கிராஸ் வைத்த ஷாஃப்ட் என்றால் விதி வேறு: பினியன், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டை நோக்கியே பார்க்க வேண்டும். எது எந்த வகை என்று பார்க்காமல் ஆப்பு வைத்துப் பினியனைச் சாய்ப்பவர்கள் அதிர்வைக் கூட்டிவிட்டுத்தான் திரும்புகிறார்கள்.

ஊளை

ஊளை கேட்டவுடன் மூன்று நிலைகளில் ஓட்டிப் பாருங்கள்: ஆக்சிலரேட்டர் மிதித்து இழுக்கும் நிலை, முழுவதும் விட்டு எஞ்சின் வண்டியைப் பிடிக்கும் நிலை, இரண்டுக்கும் நடுவே வேகம் ஏறாமலும் இறங்காமலும் மிதக்கும் நிலை. இழுக்கும்போது மட்டுமோ, விடும்போது மட்டுமோ, ஒரு குறுகிய வேக எல்லைக்குள் கேட்டால் அது கிரவுன் பினியன் பல்லின் ஒலி. மூன்றிலும் விடாமல் கரகரப்போடு தொடர்ந்தால் பேரிங். ஷாஃப்ட்டின் விரைவில் கரகரத்தால் பினியன் பேரிங், சக்கரத்தின் விரைவில் அடித்தொண்டையில் உறுமினால் கிரவுனைத் தாங்கும் பக்க பேரிங்குகள்.

எண்ணெய் அளவை முதலில் பாருங்கள். நிரப்பும் துளையின் விளிம்பு வரை இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் ஏன் குறைந்தது என்று தேடுங்கள். பினியன் சீலில் கசிவும் ஊளையும் ஒன்றாக வந்தால் சீல் மட்டும் மாற்றி அனுப்புவது தவறு. பேரிங் தளர்ந்து பினியன் ஆடுவதால்தான் பல நேரங்களில் சீல் கசிகிறது.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. சீல் மாற்றிய பிறகு புதிதாக ஊளை வந்தால், பினியன் நட்டை எப்படி இறுக்கினார்கள் என்று கேளுங்கள். பல அச்சுகளில் அந்த நட்டுக்கு அடியில் நசுங்கும் குழாய் ஒன்று இருக்கிறது. பேரிங்கின் மீது எவ்வளவு முன்னழுத்தம் இருக்க வேண்டும் என்பதை அதன் நசுங்கல்தான் தீர்மானிக்கிறது. நியூமாடிக் கன் வைத்து ஒரே அடியாக இறுக்கினால் குழாய் அதிகமாக நசுங்கி, பேரிங் சூடேறிக் கருகும். கழற்றும் முன் நட்டுக்கும் ஷாஃப்ட்டுக்கும் குறுக்கே குறியிட்டு, பழைய இடத்துக்குத் திரும்ப வந்து, சுழற்றத் தேவைப்படும் விசையை அளந்து இறுக்குபவரிடமே இந்த வேலையைக் கொடுங்கள். முழுதாகப் பிரித்துச் சேர்த்தால் புதுக் குழாய் போட வேண்டும்.

"ஊம்ம்" என்று ஏறும் முனகல்

வேகத்தோடு சீராக ஏறி, ஆக்சிலரேட்டரைப் பொருட்படுத்தாத முனகல் சக்கர பேரிங்கின் மொழி. ஆளில்லாத அகலமான சாலையில் மெல்ல இடமும் வலமும் வளைத்து ஓட்டுங்கள். இடப்பக்கம் திரும்பும்போது எடை வலச்சக்கரங்களில் விழும். அப்போது முனகல் கூடினால் வலப்பக்கத்தைப் பாருங்கள். 20 கிலோமீட்டர் ஓட்டியபின் பிரேக்கை அதிகம் பயன்படுத்தாமல் நிறுத்தி, வெப்பமானியால் நான்கு ஹப்புகளையும் ஒப்பிட்டால், கெட்டது தனியாகச் சூடாக இருக்கும்.

ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டுங்கள். முழு அச்சு உள்ள முன்பக்கத்தில் ஆட்டம் இருந்தால் அது சக்கர பேரிங்கா, சக்கரத்தைத் திருப்பும் நக்கிளைத் தாங்கும் கிங்பின் பேரிங்கா என்று பிரிக்க எளிய வழி இருக்கிறது: வேறொருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் மறைந்தால் சக்கர பேரிங், மறையாவிட்டால் கிங்பின்.

முன் அச்சு இணைந்தால் மட்டும் வரும் சத்தங்கள்

தார்ச் சாலையில் 4 ஹையில் திரும்பும்போது வண்டி இறுகி, குதித்து, "டமார்" என்று அடியில் வெடிப்பது பழுது அல்ல, பயன்பாட்டுத் தவறு. திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வட்டத்தில் ஓடுகின்றன. ட்ரான்ஸ்ஃபர் கேஸோ இரு ஷாஃப்ட்டுகளையும் ஒரே வேகத்தில் பூட்டி வைத்திருக்கிறது. மண்ணில் டயர் வழுக்கிக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். தார்ச் சாலையில் அது முடியாது, முறுக்கு ஏறிக்கொண்டே போகும். லீவர் வர மறுத்தால் அடித்து இழுக்க வேண்டாம். நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு அவிழ்ந்து லீவர் வழிவிடும்.

நேர்ச்சாலையிலேயே இப்படி இறுகினால்தான் கவலை. முன் பின் டயர்களின் சுற்றளவை நூல் பிடித்து அளங்கள். அவை சமம் என்றால், யாராவது பழைய அச்சு வாங்கிப் பொருத்தியிருக்கிறார்களா, விகிதம் வேறாக இருக்குமோ என்று எண்ணிப் பாருங்கள். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி, நியூட்ரலில் வைத்து, அந்தச் சக்கரத்தை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினால் ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ அதுவே அந்த அச்சின் விகிதம். இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் டிஃபரன்ஷியல் இல்லாத அச்சில் இது சரியாக வரும். முன்னுக்கும் பின்னுக்கும் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும்.

ஏற்றத்தில் மிதிக்கும்போது "டர்ர்ர்" என்று பல் தாண்டும் ஒலி வந்தால் சந்தேகம் மூன்று இடங்களில். முன்சக்கரத்தை அச்சோடு இணைக்கும் ஹப் முழுமையாகப் பூட்டாமல் வழுக்கலாம். ஜிம்னியைப் போல வெற்றிடத்தால் பூட்டும் ஹப்புகளில் குழாயில் கசிவு இருந்தால் அரைகுறையாகப் பூட்டி, 2 ஹையில் (பின்சக்கர இயக்கத்தில்) போகும்போதுகூட அரைக்கும். குழாயையும் சீலையும் பாருங்கள். இரண்டாவது, சங்கிலியால் முன் ஷாஃப்ட்டை இயக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸில் நீண்டுபோன சங்கிலி பல்லைத் தாண்டலாம். பழைய ஜீப்புகள், ஜிப்ஸி ஆகியவற்றின் பல்சக்கர கேஸில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. மூன்றாவது, லீவர் இணைப்பு தேய்ந்து கியர் முழுமையாக விழாமல் நிற்கலாம்.

முழுத் திருப்பத்தில் "கடக் கடக்" என்று வந்தால் முன் சக்கரத்துக்குச் சுழற்சி தரும் வளையும் இணைப்பான சிவி ஜாயிண்ட். அதன் ரப்பர் உறையான பூட் கிழிந்து கிரீஸ் சிதறியிருந்தால் ஐயமே வேண்டாம்.

மெதுவாகத் திரும்பும்போது பின் அச்சு நடுங்குகிறது

ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும், தகடு வைத்த லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் பின்னால் இருந்து, எண்ணெய் மாற்றிய பிறகு இது தொடங்கியிருந்தால், உராய்வைச் சீராக்கும் சேர்மானம் இல்லாத எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள். சேர்மானத்தைக் கலந்து, வெட்டவெளியில் எட்டு வடிவில் மெதுவாகச் சுற்றி ஓட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மஹிந்திரா தார் வண்டியின் சில வகைகளில் இருக்கும் தானாகப் பூட்டும் மெக்கானிக்கல் டிஃபரன்ஷியல், ஒரு சக்கரம் வழுக்கியதும் "டக்" என்று பூட்டுவது இயல்பானது. அதற்காகப் பட்டறைக்குப் போக வேண்டாம்.

எண்ணெய் சொல்வது

திறக்க வேண்டுமா வேண்டாமா என்பதை வடிக்கும் நட்டின் காந்தம் சொல்லிவிடும். ஈரத் திருநீறு போல மென்மையான சாம்பல் குழைவு இருந்தால் இயல்பான தேய்வு. நகக்கண்ணில் உறைக்கும் செதில், ஊசி, பல்லின் துணுக்கு இருந்தால் திறந்தே ஆக வேண்டும். எண்ணெய் வெளிறிக் கலங்கியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சூடான அச்சு ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். அச்சின் மேலுள்ள மூச்சுக்குழல் அடைபடாமல் இருந்தால் இது நடக்காது. எண்ணெயை உடனே மாற்றுங்கள். மூச்சுக்குழலை ரப்பர் குழாயால் பானெட் உயரத்துக்கு நீட்டுங்கள்.

டிஃபரன்ஷியலில் ஜிஎல்-5 தர கியர் எண்ணெய் வேண்டும். கியர் மாற்றத்தை மென்மையாக்கும் பித்தளை சின்க்ரோ உள்ள கியர்பாக்ஸில் ஜிஎல்-4 கேட்டிருந்தால் ஜிஎல்-4தான். சில ட்ரான்ஸ்ஃபர் கேஸ்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். மூன்று பெட்டிக்கும் ஒரே டப்பாவிலிருந்து ஊற்றும் வழக்கம் கைவிடப்பட வேண்டும்.

இன்னும் பிடிபடவில்லை என்றால்

ஷாஃப்ட்டைக் கழற்றி ஓட்டிப் பார்ப்பதுதான் இறுதித் தீர்ப்பு. முன் ஷாஃப்ட்டைக் கழற்றி 2 ஹையில் ஓட்டுங்கள். சத்தம் போய்விட்டால் பழுது பெரும்பாலும் அந்த ஷாஃப்ட்டில் இருக்கிறது. போகவில்லை என்றால் அதை மாட்டிவிட்டு, பின் ஷாஃப்ட்டைக் கழற்றி, ஹப்பைப் பூட்டி, 4 ஹையில் முன்சக்கர இழுவையில் மெதுவாகச் சிறிது தூரம் மட்டும் போங்கள். கைப்பிரேக் ட்ரான்ஸ்ஃபர் கேஸில் உள்ள வண்டியில் பின் ஷாஃப்ட் இல்லாவிட்டால் கைப்பிரேக்கும் இல்லை. அதே வண்டியில் ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினாலும் கைப்பிரேக் வண்டியைப் பிடிக்காது. வண்டியைத் தூக்கிவைத்து எஞ்சினால் சக்கரத்தைச் சுற்றிக் கேட்பதையும் தவிர்த்துவிடுங்கள். பூட்டும் டிஃபரன்ஷியல் இருந்து ஒரு சக்கரம் தரையில் இருந்தால் வண்டி ஜாக்கியைத் தள்ளிவிட்டுப் பாயும்.

காட்டிலோ மலையிலோ "டொக்" சத்தம் அதிர்வாக மாறி, நிமிடத்துக்கு நிமிடம் வளர்ந்தால் உடனே நிறுத்துங்கள். அது உடையப்போகும் கிராஸ். ஓடும்போது ஷாஃப்ட்டின் முன்முனை கழன்று தரையில் குத்தினால் வண்டியையே தூக்கி எறிய வல்லது. அந்த இடத்திலேயே பின் ஷாஃப்ட்டின் போல்ட்டுகளைக் கழற்றி, ஷாஃப்ட்டை எடுத்து உள்ளே போட்டுக்கொண்டு, 4 ஹையில் முன்சக்கரங்களை மட்டும் நம்பி மெதுவாக வெளியே வந்துவிடலாம். இரு முனையும் ஃப்ளாஞ்சில் போல்ட் செய்த ஷாஃப்ட்டுக்குத்தான் இது பொருந்தும். ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குள் நேராகச் செருகியிருக்கும் வகை என்றால் உருவியதும் எண்ணெய் கொட்டும். கெட்டிப் பாலித்தீனும் ரப்பர் பட்டையும் வைத்து அந்த வாயை இறுகக் கட்டி, ஊர் வந்ததும் எண்ணெய் அளவைப் பார்த்து நிரப்பிய பிறகே மேற்கொண்டு ஓட்டுங்கள்.